மேலடுக்கைக் கொட்டிய கதை

1. சேர்ந்த நாள்

வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் அனுபவக் குறிப்பு எழுத வந்துவிட்டாயா என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் முப்பது வருடம் சர்வீஸ் போட்டவர்களுக்குத் தாங்கள் செய்த தப்பு மறந்துபோகிறது. மற்றவர்கள் செய்த தப்பு மட்டும் நாள், கிழமையோடு ஞாபகம் இருக்கிறது. என் தப்பு இன்னும் சூடு ஆறவில்லை. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு லேப் வேலைக்கு வரப்போகிற தம்பி தங்கைகளுக்கு உபயோகப்படட்டும் என்று எழுதுகிறேன்.

டெல்லி ஓக்லாவில் ஒரு தனியார் உணவுப் பரிசோதனை லேப். சாஸ், ஸ்குவாஷ், ஜாம், ஊறுகாய் என்று பாட்டிலில் அடைத்து விற்கிற எதையும் கொண்டுவந்தால், உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று எழுதிக் கொடுப்போம். போன கோடையில் எம்.எஸ்சி. முடித்த கையோடு சேர்ந்தேன்.

முதல் நாள் மேனேஜர் பாட்டியா சார் பெயரைக் கேட்டார். "ஏழுமலை" என்றேன். மூன்று தடவை முயன்று பார்த்தார்.

"எலு... ஏலு... சோடோ யார், விட்டுத் தள்ளு. மலாய். இனிமே நீ மலாய்."

இந்தியில் மலாய் என்றால் பாலாடை. என் நிறத்தைப் பார்த்த பிறகும் அந்தப் பெயரை வைக்க அவருக்கு மனம் வந்தது.

பிறகு லேமினேட் செய்த ஒரு கத்தைத் தாளை என் கையில் கொடுத்தார். எஸ்.ஓ.பி. எந்தப் பரிசோதனையை எந்த வரிசையில் எப்படிச் செய்வது என்று ஒன்று, இரண்டு, மூன்று போட்டு எழுதிய செய்முறைத் தாள்.

"இதுதான் உனக்கு கீதை. இதுல இருக்கிறதைச் செய். இல்லாததைச் செய்யாதே. சொந்த மூளையைக் காலையில வீட்டுலயே வச்சுட்டு வா."

மற்றவர்கள் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். நான் போகவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். ஜங்புராவுக்குப் பக்கத்தில், நாலா என்கிற சாக்கடைக் கால்வாயை ஒட்டிய மதராசி கேம்ப் குடிசையில்தான் பிறந்து வளர்ந்தேன். வீட்டுக்கு வரும் எல்லாத் தாளையும் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். கடைசியாக வந்த தாள் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. அதையும் நான்தான் படித்தேன். அதில் எழுதியிருந்த தேதியிலேயே வீட்டை இடித்தார்கள். இப்போது ஊரின் வடகோடியில் இருக்கும் நரேலாவிலிருந்து இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் வருகிறேன். அச்சடித்த தாளும் மனிதனும் மோதினால் தாள்தான் ஜெயிக்கும் என்பது நான் கண்ணால் பார்த்த உண்மை. அதனால் எஸ்.ஓ.பி.யை அன்றைக்கே பஸ்ஸில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். முக்கியமான இடங்களில் பென்சில் கோடு போட்டேன். லேமினேஷன் மேல் பென்சில் எழுதாது என்பதும் அன்றுதான் தெரிந்தது.

2. குளோரோஃபார்மை அனுப்பி வைத்தது

எனக்குக் கொடுத்த வேலை, பென்சாயிக் ஆசிட் பார்ப்பது. பாட்டில் பண்டம் கெட்டுப்போகாமல் இருக்கப் போடும் பிரசர்வேட்டிவ் அது. அளவோடு போட்டால் சட்டம் ஒப்புக்கொள்ளும், மிஞ்சினால் ஒப்புக்கொள்ளாது.

செய்முறை பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. சாம்பிளைத் தண்ணீரில் கலக்கி, உப்பைத் தாராளமாகப் போட்டு, வடிகட்டி, கொஞ்சம் ஆசிட் விட வேண்டும். அதை செபரேட்டிங் ஃபனலில் ஊற்ற வேண்டும். மேலே மூடியும் கீழே குழாயும் வைத்த பேரிக்காய் வடிவக் கண்ணாடிப் பாத்திரம் அது. அதில் தண்ணீரோடு கலக்காத ஒரு திரவத்தை, அதாவது சால்வென்ட்டை, விட்டு ஆட்டினால் பென்சாயிக் ஆசிட் தண்ணீரை விட்டு சால்வென்ட் பக்கம் கட்சி மாறிவிடும். ஆட்டி நிறுத்தினால் இரண்டு அடுக்காகப் பிரியும். சால்வென்ட் அடுக்கைப் பிடித்து, காயவைத்து, மிஞ்சுகிற ஆசிட்டை டைட்ரேஷன் செய்து, அதாவது காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அளக்கலாம். தண்ணீர் அடுக்கு குப்பைக் கேனுக்குப் போகும்.

பல வருடமாக அங்கே சால்வென்ட் என்றால் குளோரோஃபார்ம்தான். தண்ணீரைவிடக் கனமானது. கீழே போய் உட்காரும். குழாயைத் திறந்தால் தானாக வந்துவிடும். கீழே இருப்பது நமக்கு, மேலே இருப்பது கேனுக்கு.

ஆகஸ்டில் லேபின் பாதுகாப்பைச் சோதிக்கும் ஆடிட்டர் வந்தார். நச்சுப்புகையை வெளியே இழுக்கும் எங்கள் ஃப்யூம் ஹூட் ஃபேன், ஆஸ்துமாக்காரர் மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது. அதையும் குளோரோஃபார்ம் கேன்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சால்வென்ட்டை மாற்றும்படி எழுதிவிட்டுப் போனார். பாட்டியா சார் மீட்டிங் கூட்டினார்.

பர்ச்சேஸ் ஆள் குப்தாஜிதான் முதலில் பேசினார். "அசிட்டோன் போடலாமே, ஸ்டாக் நிறைய இருக்கு."

ரித்து தலையில் அடித்துக்கொண்டாள். லேபில் நான்கு வருடமாக இருக்கும் சீனியர் அனலிஸ்ட் அவள். "அங்கிள், அசிட்டோன் தண்ணியைக் கட்டிப் பிடிச்சா விடாது. அடுக்கே பிரியாது. பிரிக்கணும்னா டிவோர்ஸ் கேஸ்தான் போடணும்."

"அப்போ ஈதர்?" என்றார் பாட்டியா சார்.

"முப்பத்தஞ்சு டிகிரியில கொதிக்கிற சாமான் சார் அது. நம்ம ஏசி வாரத்துக்கு ரெண்டு நாள் லீவு போடுது. மூடியைத் திறந்து நீங்க அச்சா சொல்றதுக்குள்ள பாதி ஈதர் யமுனையைத் தாண்டிரும். மீதிப் பாதி தீப்பிடிக்கும்."

ஹெக்சேனை நானே மனதுக்குள் கழித்துவிட்டேன். எண்ணெயை வாரிக்கொண்டு வருமே தவிர, பென்சாயிக் ஆசிட்டை அரைமனதாகத்தான் இழுக்கும். முந்தின ராத்திரியே ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதிக் கொண்டுபோயிருந்தேன். தண்ணீரோடு கலக்குமா, நமக்கு வேண்டியதை இழுக்குமா, சீக்கிரம் காயுமா, ஆளைக் கொல்லுமா, அடர்த்தி என்ன என்று ஐந்து கேள்விகள். எழுந்து நின்று, "எத்தில் அசிடேட், சார்" என்றேன்.

"நெயில் பாலிஷ் ரிமூவர் வாசனை வருமே, அதுவா?"

"ஆமா சார். பென்சாயிக் ஆசிட் அதுல நல்லாக் கரையும். கொஞ்சம் தண்ணியில கலக்கும், ஆனா நாம உப்பு போடுறதால அதுவும் குறையும். எழுபத்தேழு டிகிரியில கொதிக்கும். வாட்டர் பாத்ல காஞ்சுரும்."

ரித்து அன்று மதியமே, தெரிந்த அளவு பென்சாயிக் ஆசிட் போட்டு ஒரு டெஸ்ட் ஓட்டினாள். போட்ட அளவு அப்படியே திரும்பக் கிடைத்தது. பாட்டியா சார் என் முதுகில் ஓர் அடி வைத்து, "வாஹ் மலாய்" என்றார். பத்தே நிமிடத்தில் புது எஸ்.ஓ.பி. பிரிண்ட் ஆகி, லேமினேட் ஆகி வந்துவிட்டது. எல்லோரும் "படித்தேன்" என்று கையெழுத்துப் போட்டோம்.

3. ஊறுகாய்

செப்டம்பரில் எலுமிச்சை ஊறுகாய் இரண்டு பாட்டில் வந்தது. ஒன்றைத் திறந்தோம். மற்றதை சீல் வைத்து அலமாரியில் வைத்தோம். அது லேப் வழக்கம்.

புது எஸ்.ஓ.பி.யைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். எத்தில் அசிடேட்டை விட்டு ஆட்டினேன். அழகாக இரண்டு அடுக்கு நின்றது. மேலே மஞ்சள் கரைந்த தங்க நிறம். கீழே வெளிறிய நீர். ஏழாம் படி கீழடுக்கைச் சேகரிக்கச் சொன்னது, மேலடுக்கை அகற்றச் சொன்னது. சேகரித்தேன். அகற்றினேன். மஞ்சளும் எண்ணெய்ப் பிசுக்கும் போய்த் தொலைந்தது என்றுகூட நினைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துக்கொள்ளலாம்.

ஈரம் போக்க சோடியம் சல்ஃபேட் போடச் சொல்லியிருந்தது. போட்டேன். கல்லாக இறுகிவிட்டது. கண்ணாடிக் குச்சியால் குத்தி உடைத்தேன். குச்சி உடைந்தது. வேறு குச்சி எடுத்தேன். பிறகு வாட்டர் பாத்தில் காயவைத்தேன். தாளில் இருபது நிமிடம் என்று இருந்தது, எனக்கு நாலு மணி நேரம் ஆனது. அந்தப் பக்கம் போன ரித்து எட்டிப் பார்த்து, "என்னடா, தண்ணி காய்ச்சுறியா? டீ போடப் போறியா?" என்றாள். ஜோக் அடிக்கிறாள் என்று நினைத்து நானும் சிரித்தேன். கடைசியில் கிண்ணத்தில் வெள்ளை வெளேரென்று குவியலாக ஒரு பொருள் மிஞ்சியது. பென்சாயிக் ஆசிட்டும் வெள்ளைதான். நான் போட்ட உப்பும் வெள்ளைதான் என்பது அப்போது தோன்றவில்லை. இவ்வளவு அருமையாகப் பிரித்தெடுத்திருக்கிறேனே என்று மனம் நிறைந்துபோனது.

டைட்ரேஷன் செய்தேன். சட்டம் அனுமதிக்கிற அளவைப் போலப் பதினெட்டு மடங்கு. ரிப்போர்ட்டைப் பாட்டியா சாரிடம் கொண்டுபோனேன்.

"ஊறுகாய்க்காரங்க எல்லாருமே இப்படித்தான்" என்று சொல்லி, பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

4. ஹேமா மேடம்

ரிப்போர்ட் போன மறுநாள், வியாழக்கிழமை, வரவேற்பறையில் சத்தம் கேட்டது. நாற்பத்தைந்து வயது இருக்கும் ஓர் அம்மா, முதலில் இந்தியில் பாட்டியா சாரை ஒரு சுற்று வெளுத்துவிட்டு, "இங்க தமிழ் ஆளு ஒருத்தன் இருக்கானாம்லா, எங்க?" என்று கேட்டார். பாட்டியா சார் என்னைக் கைகாட்டிய வேகத்தில், தப்பித்த நிம்மதி தெரிந்தது.

அவர் பெயர் ஹேமா. அந்த எலுமிச்சை ஊறுகாய் அவர் போட்டது. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருக்கிறார். கணவருக்கு லோதி ரோட்டில் ஆபீஸ். திருநெல்வேலிக் குடும்பம், ஆனால் பிறந்ததே டெல்லியில்தான்.

"தம்பி, நீதானா? இதை வாசிச்சுக் காட்டு. சத்தமா வாசி."

"பென்சாயிக் ஆசிட், அனுமதிச்ச அளவைவிடப் பதினெட்டு மடங்கு, மேடம்."

"பதினெட்டு மடங்கு! அவ்வளவு பவுடர் போட்டா, பாட்டில்ல எலுமிச்சங்காய்க்கு எடம் ஏது? அதையும் நீயே சொல்லிரு."

"மேடம், எஸ்.ஓ.பி. என்ன சொல்லுதோ அதுபடிதான்..."

"அவரு யாரு எஸ்.ஓ.பி.? கூப்பிடு அவரை. நான் பேசிக்கிடுதேன்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இங்க பாரு தம்பி. காலனி ஸ்டோர்ல தீபாவளிக்கு ஸ்டால் போடுதாங்க. எனக்கு ஒரு எடம் கேட்டிருக்கேன். சனிக்கிழமை கமிட்டி. அதுக்குள்ள ஒருத்தி, இவ பவுடர் கலக்குதான்னு வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டுத் திரியுதா. அவ வாயை அடைக்கணும்னுதான் நானா ரெண்டு பாட்டிலத் தூக்கிட்டு உங்ககிட்ட வந்தேன். நீ அவளுக்கு மைக் செட்டு கட்டிக் குடுத்திருக்க."

"மேடம், பிரசர்வேட்டிவ் எதுவும் போடவே இல்லையா?"

"உப்பு, மொளகாப்பொடி, மஞ்சப்பொடி, காயம், எண்ணெய், எலுமிச்சை. முடிஞ்சுது. புளிக்கும், இல்லைங்கல. எலுமிச்சை பின்ன இனிக்குமா?"

புளிப்பு என்றால் ஆசிட். நான் அளந்ததும் ஆசிட். அது எந்த ஆசிட் என்று டைட்ரேஷன் சொல்லாது. ஆனால் எலுமிச்சையின் புளிப்பு தண்ணீரை விட்டு லேசில் வராது. அதனால்தானே இந்தச் செய்முறையே. அது தண்ணீரோடு குப்பைக் கேனுக்குப் போயிருக்க வேண்டும். அது என் கிண்ணத்தில் இருந்திருந்தால், கிண்ணத்தில் இருந்தது தண்ணீர் அடுக்கு. அப்படியென்றால் கேனுக்குப் போனது?

"கொஞ்ச நேரம் உக்காருங்க மேடம்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன்.

ஒரு ஃபனலில் வெறும் தண்ணீரும் எத்தில் அசிடேட்டும் ஊற்றினேன். இரண்டு அடுக்கு நின்றது. மேலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். அது மேலடுக்கில் கரையாமல், ஒரு குண்டுமணி மாதிரி உருண்டு இறங்கி, கீழடுக்கில் சேர்ந்து காணாமல் போனது. கீழே இருப்பதுதான் தண்ணீர். நான் மீட்டிங்குக்குக் கொண்டுபோன கட்டத்தாள் இன்னும் என் டிராயரில் இருந்தது. எத்தில் அசிடேட், அடர்த்தி 0.90. என் கையெழுத்து. தண்ணீரைவிட லேசு, மேலேதான் மிதக்கும் என்று தெரிந்தவன்தான் அதை மேலிருந்து கொட்டியிருக்கிறேன்.

வெளியே வந்து சொன்னேன். "மேடம், தப்பு எங்க பக்கம்தான். நான் அளந்தது பிரசர்வேட்டிவ் இல்ல. உங்க எலுமிச்சம்பழத்தோட புளிப்பை."

அவர் பக்கத்தில் சாஸ் பாட்டிலோடு காத்திருந்த ஒருவரிடம் திரும்பி இந்தியில் சொன்னார்: "பையா, ஜாக்கிரதை. எலுமிச்சை ஊறுகாய்க்குள்ள எலுமிச்சை இருக்குன்னு கண்டுபிடிச்சிருக்காங்க."

5. படித்தவன் ஒருவன்தான்

ரித்துவிடம் எஸ்.ஓ.பி.யைக் காட்டினேன். ஏழாம் படி: "கீழடுக்கில் உள்ள எத்தில் அசிடேட்டைச் சேகரிக்கவும்." அவள் பக்கத்தைத் திருப்பினாள். பாதுகாப்புப் பகுதி: "எத்தில் அசிடேட் எளிதில் தீப்பற்றாது."

"ஹே பகவான்! பெட்ரோல் மாதிரி பத்திக்குமே இது!"

பாட்டியா சார் செய்தது இவ்வளவுதான். கம்ப்யூட்டரில் பழைய எஸ்.ஓ.பி.யைத் திறந்து, குளோரோஃபார்ம் என்று இருந்த இடத்திலெல்லாம் எத்தில் அசிடேட் வரும்படி ஒரே பட்டனில் மாற்றிவிட்டார். பெயர் மாறியது. குணமெல்லாம் குளோரோஃபார்முடையது.

எனக்கு வேறு ஒரு பயம் வந்தது. "ரித்துஜி, ரெண்டு வாரமா நீங்களும் இதை வச்சுத்தானே செஞ்சீங்க? உங்க ரிப்போர்ட் எல்லாம்..."

"என்னோடது எல்லாம் சரி."

"எப்படி?"

"நான் இதைப் படிக்கவே இல்லையே. நாலு வருஷத்துல ஒரு தடவைகூடப் படிச்சதில்ல. கையெழுத்து மட்டும்தான். எது மேல நிக்குதுன்னு பாப்பேன், எடுப்பேன். கண்ணு எதுக்குடா இருக்கு?"

மொத்த லேபிலும் எஸ்.ஓ.பி.யைப் படித்தவன் நான் ஒருவன். தப்பாகச் செய்தவனும் நான் ஒருவன். நான் செய்திருந்த இன்னும் இரண்டு சாம்பிள்களின் ரிப்போர்ட், பாட்டியா சார் மேசையிலேயே ஒரு வாரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. சோம்பேறித்தனத்தாலும் சில சமயம் நன்மை உண்டு.

வெள்ளிக்கிழமை, முன்பே திறந்திருந்த பாட்டிலில் மிச்சம் இருந்த ஊறுகாயை எடுத்து மறுபடி செய்தேன். கூடவே, தெரிந்த அளவு பென்சாயிக் ஆசிட் போட்ட வெறும் தண்ணீரையும் வைத்தேன். இந்த முறை இரண்டு அடுக்கையும் தனித்தனியாகப் பிடித்து லேபிள் ஒட்டினேன். ஊறுகாயில் அப்போதும் கொஞ்சம் ஆசிட் காட்டியது. குளோரோஃபார்ம் எலுமிச்சைப் புளிப்பைத் தொடாது. எத்தில் அசிடேட்டுக்கு அவ்வளவு கட்டுப்பாடு கிடையாது, கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். ரித்து வழக்கமாகச் செய்வதுபோல உப்புத் தண்ணீரில் இரண்டு முறை கழுவினேன். பிறகு ஒன்றும் இல்லை. பக்கத்து ஃபனலில் போட்டது மட்டும் போட்டபடி திரும்பி வந்தது.

புது ரிப்போர்ட்டில் "திருத்தத்துக்கான காரணம்" என்று ஒரு கட்டம் உண்டு.

"டைப்பிங் மிஸ்டேக்னு போடு" என்றார் பாட்டியா சார்.

"டைப்பிங் மிஸ்டேக் உங்களோடது சார். கொட்டினது நான்."

"மலாய், நீ புரொபேஷன்ல இருக்கே. ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. பையன் லேபில் ஆபீசர் என்று அம்மா நரேலா பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களிடம்கூடச் சொல்லிவிட்டிருந்தார். இருந்தும் எழுதினேன்: "செய்முறைத் தாளில் பிழை. பரிசோதகர் சரிபார்க்காமல் தவறான அடுக்கை அகற்றினார்." வியாழக்கிழமை போல ஹேமா மேடம் மறுபடி வரவேற்பறைக்கு வந்தால் என்ன ஆகும் என்று பாட்டியா சார் யோசித்திருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டார்.

6. கமிட்டி

புது ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு ஹேமா மேடம் சொன்னார்: "வெறும் தாளை நீட்டினா போதாது. முந்தின தாளு எப்படியோ கமிட்டிக்காரங்க கைக்குப் போயிட்டு. தப்பு பண்ணவன் நீ, நீயே வந்து சொல்லு."

சனிக்கிழமை மாலை ஸ்டோருக்குப் பின்னால் ஓர் அறை. கமிட்டியில் மூன்று பேர். தலைவர் ஓய்வுபெற்ற தமிழ் அதிகாரி. இரண்டு ரிப்போர்ட்டையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டார்.

"புதன்கிழமை பதினெட்டு மடங்கு. வெள்ளிக்கிழமை ஜீரோ. திங்கட்கிழமை என்னப்பா வரும், மைனஸா?"

நடந்ததைச் சொன்னேன். மேலடுக்கு, கீழடுக்கு, கனம், லேசு எல்லாம் சொன்னேன்.

"லேசானது மேல மிதக்கும்னு எங்க வீட்டுல சமைக்கிற அம்மாவுக்குத் தெரியும். நீ என்ன படிச்சிருக்கே?"

"எம்.எஸ்சி., சார்."

"ம்" என்றார். என் அம்மாவும் ஜங்புராவில் நாலு வீட்டில் சமைத்தவர்தான். அவருக்கும் தெரிந்திருக்கும்.

"சரி, அந்தத் தாளும் உன்னோடது, இந்தத் தாளும் உன்னோடது. ரெண்டுலயும் அதே சீல். இதை மட்டும் நான் எதை வச்சு நம்பறது?"

அவர் கேட்டது சரியான கேள்வி. ஏழாம் படியைப் பார்த்து நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"நம்ப வேண்டாம் சார்" என்றேன். ஹேமா மேடத்தின் நாற்காலி கிறீச்சிட்டது. "அவங்க ரெண்டு பாட்டில் குடுத்தாங்க. ஒண்ணை நாங்க திறக்கவே இல்ல, சீல் அப்படியே இருக்கு. அதை நீங்களே எடுத்து வேற லேபுக்கு அனுப்புங்க. எங்க ரெண்டு ரிப்போர்ட்டையும் அந்த லேபுக்குக் காட்டாதீங்க."

மூன்று பேரும் தலையைச் சாய்த்துப் பேசினார்கள். ஸ்டாலில் அவருக்கான இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைப்பது, வேறு லேபின் ரிப்போர்ட் வந்த பிறகு முடிவு செய்வது என்று தீர்மானித்தார்கள்.

வாசலில் ஹேமா மேடம் என்னைப் பிடித்துக்கொண்டார். "நம்பாதேன்னு சொல்லவா உன்னை இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தேன்? அந்த லேப்லயும் உன்னை மாதிரி ஒருத்தன் இருந்தா?"

"இருந்தா, மேடம், அவனையும் கூட்டிட்டு வாங்க" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

திங்கட்கிழமை பாட்டியா சார் கூப்பிட்டார். "போட்டி லேபுக்கு பிசினஸ் பிடிச்சுக் குடுத்தியாமே? அவங்ககிட்டயே சம்பளமும் வாங்கிக்கோயேன்." புரொபேஷனை மூன்று மாதம் நீட்டினார். தண்டனையாக, எஸ்.ஓ.பி.யை முழுக்கத் திருத்தி எழுதும் வேலையையும் என்னிடமே கொடுத்தார். ஏழாம் படியில் மேல், கீழ் என்ற பேச்சையே எடுத்துவிட்டேன். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது எதில் சேர்கிறது என்று பார்க்கவும். ரிப்போர்ட் வெளியே போகும் வரை எந்த அடுக்கையும் கொட்டக் கூடாது. இவ்வளவுதான். ரித்து அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். படித்தாள் என்று எப்படித் தெரியும் என்றால், ஒரு எழுத்துப்பிழையைக் காட்டித் திட்டினாள்.

சால்வென்ட் தேர்ந்தெடுக்கும்போது புத்தகம் ஐந்து கேள்வி கேட்கச் சொல்லும். கேளுங்கள். ஆறாவதாக இன்னொன்றும் கேளுங்கள்: பழைய சால்வென்ட்டோடு நம் கைக்கு ஒட்டிய பழக்கங்களில் எதெல்லாம் இனி பொய்? தாளைப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படியுங்கள். படித்துவிட்டு ஃபனலையும் பாருங்கள். இரண்டும் வேறு வேறாகச் சொன்னால், குழாயை மூடிவிட்டு யோசியுங்கள். கொட்டியதைத் திரும்ப எடுக்க முடியாது.

தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு ஹேமா மேடம் போன் செய்தார். ஹலோகூடச் சொல்லவில்லை.

"அந்த லேப்ல ஒண்ணுமில்லைன்னு வந்துட்டு. ஸ்டால் கெடச்சிட்டு."

"ரொம்ப சந்தோஷம் மேடம்."

"உனக்கு ஒரு பாட்டில் குடுத்து அனுப்புதேன். சாப்பிடுறதுக்கு. சோத்துல போட்டுப் பிசைஞ்சு தின்னு. எதையும் ஊத்தி ஆட்டிக்கிட்டு நிக்காத."